விமி மேட்டைக் கனடியர்கள் பிடித்தது எப்படி?

கேள்வி: என் மகன் இங்கே பத்தாம் வகுப்பில் கனடிய வரலாறு படிக்கிறார். முதல் உலகப் போரில் விமி ரிட்ஜ் என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் இரண்டு வருடம் மோதித் தோற்ற பிறகு, கனடியர்கள் ஒரே காலையில் அதைப் பிடித்துவிட்டார்களாம். "காட்டில் மரம் வெட்டி, வேட்டையாடி, பனியில் வளர்ந்தவர்கள். பிறவியிலேயே வீரர்கள். அதனால்தான்" என்கிறார். எனக்கு அது போதுமான காரணமாகத் தெரியவில்லை. உண்மையில் எப்படி நடந்தது?

— ஒரு வாசகி, ஸ்கார்பரோ, டொரொன்டோ

பதில்: சகோதரி, உங்கள் சந்தேகம் நியாயமானது. மகன் சொல்லும் காரணமும் அவராகக் கட்டியதல்ல. கனடாவில் பெரியவர்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை அது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டால், அந்த வெற்றிக்காக மாதக்கணக்கில் கணக்குப் போட்டவர்களையும், அதற்கு முந்தைய போர்களில் உயிர்விட்டு மற்றவர்களுக்குப் பாடம் தந்தவர்களையும் மறந்துவிடுவோம். ஆகவே முதலில் கதையைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் காரணத்துக்குப் போவோம்.

பிரான்ஸின் வடக்கே, அராஸ் நகரத்துக்குப் பக்கத்தில் சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் மேடுதான் விமி. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 145 மீட்டர்தான். ராணுவ வரைபடங்களில் அந்த இடத்துக்குப் பெயரே '145 ஆம் குன்று'. நம் கண்ணுக்கு அது மலையாகவே தெரியாது. ஆனால் சுற்றிலும் தட்டையான நிலம். மேட்டில் நிற்பவனுக்குக் கிழக்கே லான்ஸ் நகரின் நிலக்கரிச் சுரங்கங்களும் டூவே சமவெளியும், மேற்கே எதிரியின் ஒவ்வொரு அசைவும் தெரியும். 1914 இலையுதிர்காலத்திலிருந்து அது ஜெர்மானியர் கையில் இருந்தது. மேற்குச் சரிவு மெல்ல மெல்ல ஏறுவது, மறைவிடம் இல்லாதது. தாக்க வருபவர்கள் அந்தச் சரிவில்தான் ஏறி வர வேண்டும்.

இனி 'காட்டில் வளர்ந்தவர்கள்' என்ற பேச்சு. 1914 இல் கனடாவிலிருந்து கப்பலேறிய முதல் தொகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பிரிட்டனில் பிறந்து, பிழைப்புக்காகக் கனடா வந்தவர்கள். போர் முடியும்போது மொத்தக் கணக்கு எடுத்தால்கூட, கனடாவில் பிறந்தவர்கள் பாதியைச் சற்றே தாண்டினார்கள், அவ்வளவுதான். தொழிலைப் பார்த்தாலும் நகரத்துக் கூலித் தொழிலாளர்களும் அலுவலக எழுத்தர்களுமே பெருங்கூட்டம். விவசாயிகள் நாட்டில் இருந்த விகிதத்துக்குப் படையில் இல்லை. விமியில் விக்டோரியா சிலுவை, அதாவது பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீர விருது, நான்கு பேருக்குக் கிடைத்தது. அவர்களில் வில்லியம் மில்ன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஜான் பாட்டிசன் லண்டனின் வூலிச்சில் பிறந்து, கால்கரியில் எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எல்லிஸ் சிஃப்டனும் தேன் மக்டவலும் மட்டுமே கனடாவில் பிறந்தவர்கள்.

மகன் சொல்வதில் உண்மை இருக்கும் இடம் ஒன்று உண்டு. வேட்டையில் தேர்ந்தவர்கள் படையில் இருந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர்கள் பூர்வகுடி மக்கள். 4,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெகமகபோ, குறிபார்த்துச் சுடுவதிலும் எதிரி எல்லைக்குள் ஒற்றறிவதிலும் பெயர்பெற்று, 'மிலிட்டரி மெடல்' என்ற பதக்கத்தை மூன்று முறை வாங்கினார். ஆனால் தனியொரு மனிதனின் குறி, முள்கம்பியையும் இயந்திரத் துப்பாக்கியையும் அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பீரங்கிகளையும் கொண்ட ஒரு மேட்டைப் பிடித்துத் தராது.

பிறவி வீரம்தான் காரணம் என்றால், அதற்கு முன்பு இதே கனடியர்கள் ஏன் அப்படித் துன்பப்பட்டார்கள்? 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக்கு வெளியே ஜெர்மானியர் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து வரிசை உடைந்தபோது கனடியர்கள் இடைவெளியை அடைத்து நின்றார்கள். அந்தத் துணிச்சலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் சில நாட்களில் 6,000 பேருக்கு மேல் இழந்தார்கள், அதில் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ராஸ் துப்பாக்கி. குறி தவறாது, வேட்டைக்கும் போட்டிக்கும் அருமையானது. பதுங்கு குழியின் சேற்றில், அவசரமாகச் சுட்டுச் சூடேறியபோது பூட்டு இறுகி நின்றுவிட்டது. இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை எடுத்துச் சுட்டவர்கள் பலர். குறி தவறாத அந்தத் துப்பாக்கியே களத்தில் கைவிட்டதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

1916 இல் பிரான்ஸில் சோம் போர். செப்டம்பரில் கூர்செலெட் கிராமத்தைக் கனடியர்கள் பிடித்தார்கள். பிறகு ரெஜைனா அகழி என்ற ஒரே வரிசையை அக்டோபர் முழுதும் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். முள்கம்பி அறுபடாமல் நின்றது. ஆட்கள் அதில் மாட்டிக்கொண்டு செத்தார்கள். சோமில் மட்டும் கனடியருக்கு ஏற்பட்ட இழப்பு, இறந்தவரும் காயமடைந்தவருமாக, 24,000 பேர். அதே மனிதர்கள், அதே பனியில் வளர்ந்தவர்கள், ஐந்தே மாதம் கழித்து விமியில் வென்றார்கள். ஆகவே அந்த ஐந்து மாதத்தில் மாறியது என்ன என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

அதற்கு முன் பிரெஞ்சுக்காரரைப் பற்றி ஒரு சொல். 'தோற்றார்கள்' என்று ஒரே சொல்லில் அவர்களைத் தள்ளிவிடுவது அநியாயம். 1915 மே 9 அன்று பிரெஞ்சுப் படையின் மொராக்கோ டிவிஷன் விமியின் உச்சியையே தொட்டுவிட்டது. பின்னாலிருந்து உதவிப் படை நேரத்துக்கு வராததால் இறங்க வேண்டியதாயிற்று. எதிரே இருந்த லொரெத் குன்றைப் பல்லாயிரம் உயிர் கொடுத்துப் பிடித்தவர்களும் அவர்களே. அங்கிருந்துதான் பின்னாளில் விமியைப் பார்த்துப் பீரங்கிக்கு இலக்குக் காட்ட முடிந்தது. பிரிட்டிஷார் 1916 தொடக்கத்தில் அந்தப் பகுதியைப் பொறுப்பேற்றார்கள். மே மாதத்தில் ஜெர்மானியரிடம் கொஞ்சம் நிலத்தை இழந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மேட்டைப் பிடிக்க அவர்கள் பெருந்தாக்குதல் எதுவும் நடத்தவில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். கனடாவின் நான்கு டிவிஷன்களும் (ஒரு டிவிஷன் என்பது பதினைந்து, இருபதாயிரம் பேர் கொண்ட பெரும் பிரிவு) ஜெனரல் ஜூலியன் பிங் என்ற ஆங்கிலேயரின் தலைமையில் ஒரே படையணியாக இருந்தன. அவர் 1917 ஜனவரியில் தம் டிவிஷன் தளபதிகளில் ஒருவரான ஆர்தர் கரியை வெர்டன் களத்துக்குப் பிரெஞ்சுக்காரரிடம் பாடம் கேட்க அனுப்பினார். கரி போருக்கு முன் விக்டோரியா நகரில் பள்ளி ஆசிரியராகவும், பிறகு காப்பீடு, வீட்டுமனை வியாபாரத்திலும் இருந்தவர். அங்கே அவர் பெரிய அதிகாரிகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடவில்லை. இளநிலை அதிகாரிகளிடம் போய், அந்தச் சொல்லெல்லாம் களத்தில் பலித்ததா என்று தனித்தனியாக விசாரித்தார். திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் சொன்னவை எளிமையானவை. தாக்கப்போகும் படைக்கு முன்கூட்டியே ஓய்வு வேண்டும். இலக்கு என்பது குண்டு விழுந்து உருத்தெரியாமல் போகும் பதுங்கு குழியாக இருக்கக் கூடாது, கண்ணால் கண்டு அறியக்கூடிய மேடாகவோ காடாகவோ இருக்க வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் திட்டம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் வெற்றியின் பெரும்பங்கை நான் பீரங்கிப் படைக்கே கொடுப்பேன். அதிலும் 'எதிர்ப் பீரங்கிப் பணி' என்ற வேலைக்கு. எதிரியின் பீரங்கிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, அவை வாய் திறக்கும் முன் அடக்குவதுதான் அந்தப் பணி. அந்தப் போரில் அதிகம் பேரைக் கொன்றது பீரங்கிக் குண்டு. முன்வரிசையைப் பிடித்த படை, மேட்டுக்குப் பின்னால் நிற்கும் பீரங்கிகளிடம் அகப்பட்டு அழிவதே வழக்கமாக இருந்தது. அவை தெரியாத இடத்தில் நின்றதுதான் சிக்கல்.

இந்தப் பொறுப்பு ஆண்ட்ரூ மெக்நாட்டனிடம் வந்தது. மொன்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சொல்லிக்கொடுத்தவர், ஈப்பரில் காயம்பட்டவர். படையில் பலரும் இது நடக்காது என்று ஒதுக்கிய இரண்டு முறைகளை அவர் ஆவலோடு எடுத்துக்கொண்டார். ஒன்று, இரவில் பீரங்கி சுடும்போது தெரியும் வெளிச்சத்தைப் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் பார்த்து, கோணங்களை வரைபடத்தில் போட்டு, கோடுகள் வெட்டும் புள்ளியைக் காண்பது. இன்னொன்று ஒலியை வைத்து இடம் காண்பது. மின்னலைப் பார்த்துவிட்டு இடி எத்தனை நொடியில் வருகிறது என்று எண்ணித் தூரம் கணிப்போம் அல்லவா, அதன் உறவுமுறைதான் இது. முன்வரிசைக்குப் பின்னால் சில கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்தாறு ஒலிவாங்கிகளைத் தள்ளித்தள்ளி வைப்பார்கள். பீரங்கி முழக்கம் ஒவ்வொன்றையும் அடைய ஆகும் நேரத்தில் நொடியின் சிறு பின்னம் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசங்கள் ஓடும் படச்சுருளில் பதிவாகும். அதிலிருந்து பீரங்கி நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இந்த முறையைப் பிரிட்டிஷ் படைக்காக உருவாக்கியவர் லாரன்ஸ் பிராக். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 'பிராக் விதி' என்று படித்தோமே, அவரேதான். 1915 இல் தந்தையோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25. அதே ஆண்டில் அவருடைய தம்பி கலிப்போலிப் போரில் இறந்தார். பிராக்குக்கு இருந்த பெரிய தொல்லை, சாதாரண ஒலிவாங்கி துப்பாக்கிச் சத்தம், குண்டு பறக்கும் சத்தம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பீரங்கியின் ஆழ்ந்த முழக்கத்தைத் தவறவிட்டதுதான். வில்லியம் டக்கர் என்பவர் சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை ஒரு பெட்டியின் துளையில் பொருத்தினார். ஆழ்ந்த முழக்கம் வரும்போது மட்டும் துளை வழியே காற்று அசைந்து கம்பி குளிரும், அதன் மின்தடை மாறும். தொல்லை தீர்ந்தது. மெக்நாட்டன் இதோடு விமானப் படங்களையும் கைதிகளின் வாக்குமூலங்களையும் சேர்த்தார். அந்தப் படங்களை எடுக்கப்போன விமானிகள் கொடுத்த விலை பயங்கரமானது. ஜெர்மன் போர் விமானி ரிச்தோஃபனின் விமானப் பிரிவு டூவேயிலிருந்தே பறந்துகொண்டிருந்தது. தாக்குதல் நாளுக்குள் எதிரே இருந்த ஜெர்மன் பீரங்கிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றின் இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டுவிட்டது.

கூடவே இன்னொரு சிறிய பொருளையும் சொல்ல வேண்டும். குண்டின் மூக்கில் இருக்கும் ஃபியூஸ், அதாவது அதை வெடிக்கத் தூண்டும் பாகம். பழைய வகை, குண்டு மண்ணுக்குள் புதைந்த பிறகே வெடிக்கவைத்தது. பெரிய பள்ளம் விழும், முள்கம்பி எழும்பி மறுபடி அதே இடத்தில் விழும். 106 ஆம் எண் ஃபியூஸ் என்ற புதிய வகை, கம்பியைத் தொட்ட கணமே வெடித்தது. சிதறல் பக்கவாட்டில் பாய்ந்து கம்பியை அறுத்தது. ரெஜைனா அகழியில் கம்பியில் தொங்கி இறந்தவர்களை நினைத்தால், இந்தச் சிறிய பாகம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்பது புரியும். 1917 மார்ச் 20 முதல் குண்டுவீச்சு தொடங்கியது. ஏப்ரல் 2 முதல் அது பலமடங்கானது. ஏறக்குறைய ஆயிரம் பீரங்கிகளும் மோர்ட்டார்களும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. அந்த வாரத்துக்கு ஜெர்மன் வீரர்கள் வைத்த பெயர் 'துன்ப வாரம்'. சோறும் தண்ணீரும் முன்வரிசைக்கு வந்து சேரவில்லை.

காலாட்படைப் பயிற்சிக்கு வருகிறேன். தாக்குதலின்போது 'தவழும் குண்டுத்திரை' ஒன்று முன்னால் போகும். பீரங்கிகள் சேர்ந்து ஒரு கோட்டில் குண்டு விழச்செய்து, அந்தக் கோட்டை மூன்று நிமிடத்துக்கு 100 கெஜம் வீதம் முன்னே நகர்த்தும். வீரர்கள் அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். வேகமாகப் போனால் தம் குண்டிலேயே சாவார்கள். பின்தங்கினால், நிலவறையிலிருந்து ஜெர்மானியர் இயந்திரத் துப்பாக்கியோடு வெளியே வந்துவிடுவார்கள். இதைப் பழக, களத்துக்குப் பின்னால் வயல்களில் ஜெர்மன் பதுங்கு குழிகளை அப்படியே நாடாவால் குறித்தார்கள். குதிரையில் ஏறிய அதிகாரிகள் கொடி பிடித்துக்கொண்டு குண்டுத்திரையின் வேகத்தில் நகர, பட்டாலியன்கள், அதாவது டிவிஷனின் உட்பிரிவுகள், பின்னால் நடந்து நடந்து பழகின. மேட்டின் பெரிய மாதிரி ஒன்றைக் களிமண் போன்ற பொருளில் செய்துவைத்து எல்லோரும் பார்த்துப் படித்தார்கள்.

அதுவரை வரைபடம் அதிகாரிகளின் சொத்து. விமிக்காக 40,000 வரைபடங்கள் அச்சிட்டு வீரர்கள் வரை கொடுத்தார்கள். பிளட்டூன், அதாவது நாற்பது பேர் அளவிலான சிறு குழு, புதிதாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி லூயிஸ் என்ற எடைகுறைந்த இயந்திரத் துப்பாக்கி, ஒரு பகுதி கைக்குண்டு, ஒரு பகுதி துப்பாக்கியிலிருந்து எறியும் குண்டு, ஒரு பகுதி சாதாரணத் துப்பாக்கி. எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று குறுக்கிட்டால், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், பாதிப் பேர் சுட்டுக்கொண்டிருக்க மீதிப் பேர் சுற்றிப்போய்த் தாக்கலாம். அதிகாரி விழுந்தால் சார்ஜென்ட், அவர் விழுந்தால் கார்ப்பரல், அவரும் விழுந்தால் சிப்பாய் எடுத்து நடத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் போகுமிடம் தெரியும். சிப்பாயை அறிவுள்ள மனிதனாக மதித்த இந்த ஏற்பாடுதான் எனக்கு விமியில் மிகப் பிடித்தது. புதிய பிளட்டூன் அமைப்பு பிரிட்டிஷ் படை முழுவதற்கும் வந்த கையேட்டின்படியானது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கனடியர்கள் அதை மனப்பூர்வமாக ஏற்றுப் பயின்றார்கள்.

மேட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். பிரிட்டிஷ் பொறியாளர் படையின் சுரங்கக் குழுக்கள் அதைக் குடைந்து, முன்வரிசை வரை பாதைகள் போட்டன. சில ஒரு கிலோமீட்டரையும் தாண்டியவை, மின்விளக்கும் தண்ணீர்க் குழாயும் உள்ளவை. கிரேஞ்ச் சுரங்கப்பாதையின் ஒரு பகுதிக்குள் இன்றும் போய்ப் பார்க்கலாம். வீரர்கள் எதிரி கண்ணில் படாமல் தாக்குமிடம் வந்து சேர்ந்தது இவற்றின் வழியாகத்தான்.

1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள், அதிகாலை 5.30. முதல் அலையில் சுமார் 15,000 பேர். பனியும் ஆலங்கட்டியும் கலந்து அடித்தது. மகன் பனியைச் சொன்னதில் ஒரு நியாயம் இங்கே உண்டு. ஆனால் காரணம் வேறு. காற்று மேற்கிலிருந்து வீசியதால் பனி ஜெர்மானியர் முகத்தில் அறைந்தது, தாக்கியவர்களுக்கு முதுகில் பட்டது. முதல் மூன்று டிவிஷன்களும் ஏறக்குறைய அட்டவணைப்படியே முன்னேறி, பிற்பகலுக்குள் இலக்குகளை அடைந்தன.

நான்காவது டிவிஷனின் கதை அப்படிப் போகவில்லை. காரணம் எது என்ற உங்கள் கேள்விக்கு மிகத் தெளிவான விடை அங்கேதான் கிடைக்கிறது. மிக உயரமான 145 ஆம் குன்று அவர்கள் பங்குக்கு வந்தது. மார்ச் 1 அன்று இதே டிவிஷன் நச்சுவாயுவை நம்பி ஒரு பெரிய திடீர்த் தாக்குதல் நடத்தியிருந்தது. காற்று மாறியது. 687 பேர் இழப்பு, அவர்களில் அனுபவமுள்ள அதிகாரிகள் பலர். அந்தக் குறையோடே ஏப்ரல் 9 க்கு வந்தார்கள். மேலும், 87 ஆம் பட்டாலியனின் தளபதி, ஜெர்மன் பதுங்கு குழியின் ஒரு பகுதியைப் பிடித்த பிறகு தமக்குப் பயன்படும் என்று, அதில் குண்டு போட வேண்டாம் எனக் கேட்டிருந்தார். பீரங்கிகள் அதை விட்டுவைத்தன. அங்கிருந்த இயந்திரத் துப்பாக்கிகளும் பிழைத்துக்கொண்டன. தாக்கப்போனபோது அந்தப் பட்டாலியனின் முன்வரிசை பாதிக்கு மேல் விழுந்தது. பக்கத்துப் பட்டாலியன்களும் அதே சூட்டில் மாட்டிக்கொண்டன. அவர்களும் அதே கனடியர்கள்தான், துணிச்சலில் ஒரு குன்றிமணியும் குறைந்தவர்கள் இல்லை. தயாரிப்பில் சிறு ஓட்டை விழுந்த இடத்தில் துணிச்சல் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

துணிச்சலுக்கு உரிய பங்கையும் மறைக்கக் கூடாது. அன்று மாலை, அதுவரை போரே பார்க்காமல் சுமை தூக்கவும் தோண்டவும் வந்திருந்த நோவா ஸ்கோஷியாவின் 85 ஆம் பட்டாலியனை அந்தக் குன்றுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்காகத் திட்டமிட்டிருந்த குண்டுவீச்சு கடைசி நேரத்தில் ரத்தாயிற்று. குண்டுத்திரை இல்லாமலே ஏறிப்போய்க் குன்றின் பெரும்பகுதியைப் பிடித்தார்கள். மறுநாள் 44, 50 ஆம் பட்டாலியன்கள் கிழக்குச் சரிவையும் துப்புரவாக்கின. வடக்கு முனையில் இருந்த 'பிம்பிள்' என்ற சிறு மேடு ஏப்ரல் 12 அன்றுதான் விழுந்தது. ஆக, ஒரே காலை என்று பாடத்தில் இருந்தால் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு நாள்.

எதிரி செய்த பிழையும் உதவியது. ஜெர்மன் ஆறாம் படையின் தளபதி ஃபால்கன்ஹவுசன் உதவிப் படைகளை இருபது கிலோமீட்டருக்கும் பின்னால் நிறுத்தியிருந்தார். அவை வருவதற்குள் மேடு கைமாறிவிட்டது. கிழக்குச் சரிவு செங்குத்தானது, மேடு ஒடுங்கியது. பின்வாங்கி நின்று தடுக்க அங்கே இடமும் இல்லை.

வென்றவர்கள் கனடியர்கள் மட்டுமா? படையணியில் இருந்த சுமார் 1,70,000 பேரில் ஏறக்குறைய 1,00,000 பேர் கனடியர்கள். மீதி பிரிட்டிஷார். கனரகப் பீரங்கிகளில் பெரும்பாலானவையும் அவர்களுடையவை. இரண்டாம் டிவிஷனோடு ஒரு பிரிட்டிஷ் பிரிகேடும் (சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவு) தாக்கியது. இந்த வெற்றியால் போர் முடிந்துவிடவும் இல்லை. விமி, அராஸ் தாக்குதலின் ஒரு பகுதி. அராஸ் தாக்குதல், தெற்கே பிரெஞ்சு ஜெனரல் நிவெல் நடத்தவிருந்த பெருந்தாக்குதலுக்குத் துணை. நிவெலின் திட்டம் சில நாட்களிலேயே பொய்த்தது, பிரெஞ்சுப் படையில் கலகம் வந்தது. ஜெர்மானியர் சில கிலோமீட்டர் பின்னே புதிய வரிசை அமைத்துக்கொண்டார்கள். மேடு மட்டும் போர் முடியும்வரை நேச நாடுகளிடமே இருந்தது.

'விமியில்தான் கனடா என்ற தேசம் பிறந்தது' என்ற வாசகத்தையும் மகன் கேட்டிருப்பார். நான்கு டிவிஷன்களும் முதன்முறையாக ஒன்றாக நின்றன, பிரெஞ்சு மொழி பேசும் 22 ஆம் பட்டாலியனும் களத்தில் இருந்தது, அந்தப் பெருமிதம் உண்மையானது. ஆனால் அதே 1917 இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்து நாடு மொழிவாரியாகப் பிளந்தது. அடுத்த ஈஸ்டரில் கியூபெக் நகரக் கலவரத்தில் படையினர் சுட்டு நான்கு பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9 முதல் 12 வரை கனடியர் இழப்பு 10,602. அதில் இறந்தவர்கள் 3,598 பேர். இத்தனை நல்ல தயாரிப்புக்குப் பிறகும் கொடுத்த விலை இது. அதனால்தான் 'எளிதாகப் பிடித்தார்கள்' என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை.

பயின்றது வீணாகவில்லை என்பதற்குப் பின்னாளைய சான்று உண்டு. பிரிட்டிஷ் டிவிஷன்கள் ஒரு தளபதியிடமிருந்து இன்னொரு தளபதிக்கு மாறிக்கொண்டே இருக்க, கனடியர் நான்கு டிவிஷனும் ஒன்றாகவே இருந்தன. ஓரிடத்தில் கற்றது எல்லோருக்கும் பரவியது. ஜூன் 1917 இல் கரி படையணியின் தலைவரானார். ஆகஸ்ட்டில் லான்ஸ் நகரை நேராகத் தாக்கச் சொன்ன உத்தரவை மாற்றவைத்து, அந்த நகரை மேலிருந்து பார்க்கும் 70 ஆம் குன்றைப் பிடித்தார். அதை மீட்க வந்த 21 எதிர்த்தாக்குதல்களைப் பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் உடைத்தன. அக்டோபரில் பாஷன்டேல் சதுப்புக்குப் போக வேண்டும் என்றபோது, 16,000 பேரை இழப்போம் என்று எச்சரித்து மறுப்புச் சொன்னார். உத்தரவு மாறவில்லை. இழந்தது 15,654 பேர்.

சகோதரி, மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். முதல் உலகப் போரில் சேர்ந்த 6,20,000 பேருக்கு மேற்பட்ட கனடியப் படையினரின் கோப்புகளைக் கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கோப்பிலும், படையில் சேரும்போது கையெழுத்திட்ட படிவம் ஒன்று இருக்கும். பிறந்த இடம், செய்த தொழில் இரண்டும் அதில் எழுதியிருக்கும். பத்துப் பேரின் படிவத்தை அவரே திறந்து படிக்கட்டும், எத்தனை பேர் காட்டில் வளர்ந்தவர்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.